டெல்டாவில் அக்வாபோனிக்ஸும் நாட்டு மீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி, கீழ்வேளூர் என்று எந்தப் பக்கமிருந்து போன் வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாதிப் பேர் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையோடு கேட்கிறார்கள், மீதிப் பேர் தொட்டியைக் கட்டி மீனையும் விட்டுவிட்டுப் பதற்றத்தோடு கேட்கிறார்கள். முதல் கூட்டம் பணத்தைப் போடுவதற்கு முன்னால் படித்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்வாபோனிக்ஸ்னா என்னங்க? மீன் தண்ணியைச் செடிக்குப் பாய்ச்சுறதுதானே?

பாய்ச்சிவிட்டு அதோடு விட்டால் அது குளத்துப் பாசனம், நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்வது. அக்வாபோனிக்ஸில் அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும். மீன் தொட்டியிலிருந்து கழிவோடு கிளம்பும் தண்ணீர், வண்டல் படியும் ஒரு சின்னத் தொட்டியைக் கடந்து, பாக்டீரியா வாழும் வடிகட்டிக்குப் போய், அங்கிருந்து மண்ணில்லாத செடிப் பாத்திக்குப் போய், சுத்தமாகி மீனிடமே திரும்பி வரும். இலை வழியாக ஆவியாகும் தண்ணீரையும் வெயிலில் குறைவதையும் மட்டும் ஈடுகட்டினால் போதும்.

நடுவில் இருக்கும் பாக்டீரியாதான் இதில் உண்மையான வேலைக்காரன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் என்ற வகை நைட்ரைட்டாக மாற்றும், அதை நைட்ரோஸ்பைரா வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்குச் சாப்பாடு. நீங்கள் வளர்ப்பது மீன், செடி என்று இரண்டல்ல, மூன்று உயிர். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாவதை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் அவசரமாக போன் செய்கிறார்கள்.

பயோபிளாக்கும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பயோபிளாக்கில் வெல்லப்பாகு மாதிரி மாவுச்சத்துப் பொருளைப் போட்டு, அழுக்கை மீன் தொட்டிக்குள்ளேயே பாக்டீரியாத் திரளாக மிதக்க விடுவார்கள், தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். அந்தத் தண்ணீரை அப்படியே செடிக்கு விட்டால் வேரில் திரள் படிந்து வேர் அழுகும். அக்வாபோனிக்ஸில் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

எங்க ஊர்ல வாய்க்கால் இருக்கு, குளம் இருக்கு. நான் எதுக்கு தொட்டி கட்டணும்?

கட்ட வேண்டாம், உங்களுக்குப் பண்ணைக்குட்டை வெட்ட இடமும் தண்ணீர் தங்கும் களிமண்ணும் இருந்தால் குட்டையில் மீன் வளர்ப்பதுதான் செலவு குறைந்த வழி. இதை நான் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அக்வாபோனிக்ஸ் பொருந்துவது இடம் குறைவாக இருப்பவர்களுக்கு, மணல்சாரி நிலத்தில் குட்டையில் தண்ணீர் நிற்காதவர்களுக்கு, ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடியபின் ஜூன் 12 வரை ஆற்றையே நம்ப முடியாதவர்களுக்கு, அப்புறம் பக்கத்திலேயே கீரையை நல்ல விலைக்கு வாங்கும் டவுன் உள்ளவர்களுக்கு.

வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்கு எடுப்பதாக இருந்தால், குறுவை, சம்பாவுக்கு மருந்து அடிக்கும் நாட்களில் எடுக்காதீர்கள். வடிகால் தண்ணீரை எந்த மாதமும் எடுக்காதீர்கள்.

நாட்டு மீன்னா எதெல்லாம்? கட்லா, ரோகு நாட்டு மீன்தானே?

இந்தியாவுக்கு நாட்டு மீன், காவிரிக்கு இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை முதலான வடக்கத்தி ஆறுகளின் மீன்கள், இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபி (திலாப்பியா) வெளிநாட்டு மீன். நம் ஆற்றிலும் வயலிலும் வாய்க்காலிலும் தானாக வாழ்ந்தவை விரால், குறவை, பனையேறிக் கெண்டை, தேளி, கெளுத்தி, உளுவை, ஆரால், அயிரை, பலவகைக் கெண்டைகள். காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டை என்று ஒன்று உண்டு, இப்போது பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது.

இவற்றில் தொட்டிக்கு ஒத்துவருவது விரால், பனையேறி, தேளி மூன்றும். காரணம் எளிது. மூன்றும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். செவுளோடு கூட காற்றிலிருந்தே பிராணவாயு எடுக்கும் உறுப்பு அவற்றுக்கு இருக்கிறது. வயல் வற்றி சேறான பிறகும் இவை உயிரோடு கிடப்பதைப் பார்க்காத டெல்டாக்காரர் கிடையாது. அதே குணம்தான் தொட்டியில் கரண்ட் போகும்போதும் காப்பாற்றும்.

நான் முதல்முதலா பண்றேன். விரால் விடலாமா, ஜிலேபி விடலாமா?

பழகுவதற்கு ஜிலேபி சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். 28 முதல் 32% புரதமுள்ள தீவனமே அதற்குப் போதும், ஒன்றையொன்று தின்னாது. ஆனால் அரசு அனுமதியுள்ள பொரிப்பகத்தில் அனுமதியோடு வாங்க வேண்டும், தொட்டியிலிருந்து ஒரு குஞ்சுகூட வாய்க்காலுக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே நம் குளங்களில் ஜிலேபி நிறைந்து கெண்டைக்கு இடமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு அதைச் சிபாரிசு செய்ய மனம் வருவதில்லை. முதலில் பனையேறியோ தேளியோ கொஞ்சமாக விட்டுப் பழகிவிட்டு விராலுக்குப் போங்கள் என்பதுதான் என் யோசனை. தேளியைக் கையால் பிடிக்காதீர்கள், பக்கத் துடுப்பு முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும்.

விரால் கொஞ்சம் கெடுபிடியான மீன். தீவனத்தில் 40% புரதத்துக்குக் குறையக் கூடாது. குஞ்சாக இருக்கும்போது அளவு வித்தியாசம் வந்தால் பெரியது சின்னதை விழுங்கிவிடும், ஆகவே முதல் இரண்டு மாதம் வாராவாரம் சலித்துப் பெரியதையும் சின்னதையும் பிரிக்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது “மிதவைத் தீவனத்துக்குப் பழகியதா?” என்று கேட்டு, உங்கள் கண்ணெதிரே ஒரு கைப்பிடி போடச் சொல்லிப் பாருங்கள். பழகிய குஞ்சு என்றால் மேலே வந்து லபக்கென்று கவ்வும். உயிர் இரைக்குப் பழகிய குஞ்சு அடியிலேயே நிற்கும், அதை வாங்கினால் பாதி பட்டினியிலும் மீதி ஒன்றையொன்று தின்றும் போய்விடும்.

இன்னொன்று, விரால் தாவும். மழைத்தூறல் விழுந்தாலே தாவும். தொட்டிக்கு மேல் வலை கட்டாயம் வேண்டும். ஆனால் வலையைத் தண்ணீரோடு ஒட்டிக் கட்டிவிடாதீர்கள், ஒரு முழம் இடைவெளி விடுங்கள். மேலே வந்து காற்றுக் குடிக்க முடியாவிட்டால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதே வலை கொக்கையும் மீன்கொத்தியையும் தடுக்கும்.

வயல்ல விரால் குஞ்சு கூட்டமா சிவப்பா நிக்குதே, அதை அள்ளிட்டு வந்து விட்டா காசு மிச்சம்தானே?

தயவுசெய்து வேண்டாம். அந்தச் சிவப்புக் கூட்டத்துக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். ஒரு வலையில் கூட்டத்தையே அள்ளிவிட்டால் அந்த வாய்க்காலில் அடுத்த வருட விரால் அதோடு முடிந்தது. நாட்டு மீன் வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டு நாட்டு மீனையே ஒழிப்பதில் என்ன அர்த்தம்?

தொழில் கணக்கிலும் அது நஷ்டம்தான். வயல் குஞ்சு தீவனம் தின்னாது (மேலே சொன்னதுதான்), ஒட்டுண்ணியும் புண்நோயும் கூடவே வரும். இனப்பெருக்க ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் இருக்கின்றன, அங்கே வாங்குங்கள். வாங்கியதையும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சுற்றில் சேருங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளருமாமே?

வளரும். ஆனால் 2000-லிருந்து இந்தியா முழுக்கத் தடை. ஆற்றில் தப்பினால் கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும். “நாட்டுக் கெளுத்திதான்” என்று சொல்லி விற்கிறார்கள், நாலைந்து மாதத்தில் கிலோ கணக்கில் வரும் என்று யாராவது சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

எத்தனை மீனுக்கு எத்தனை செடி? ஒரு கணக்கு சொல்லுங்க.

மீனை எண்ணாதீர்கள், தீவனத்தை நிறுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும். செடிக்குச் சாப்பாடு மீனிலிருந்து வருவதில்லை, மீன் தின்னும் தீவனத்திலிருந்து வருகிறது. வெர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி பல வருடம் ஆராய்ந்து கொடுத்த கணக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது. தண்ணீரில் மிதக்கும் அட்டையில் வளரும் கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு தினம் 60 முதல் 100 கிராம் தீவனம். நான் 80 என்று வைத்துக்கொள்கிறேன்.

உதாரணத்துக்கு 10,000 லிட்டர் தொட்டி. ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ என்று அடக்கமாகப் போனால் அறுவடை நேரத்தில் 200 கிலோ மீன், உடல் எடையில் 2% தீவனம் என்றால் தினம் 4 கிலோ. 4000 கிராமை 80-ஆல் வகுத்தால் 50 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலு குழி. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்தது. அந்த 4 கிலோ கடைசி மாதத்தில் மட்டும்தான். 200 கிலோ மீன் எடுக்க ஒன்றரை மடங்கு தீவனம் என்றால் மொத்தம் 300 கிலோ, அதை ஒன்பது மாதத்துக்குப் பிரித்தால் தினம் சராசரி 1.1 கிலோதான் வருகிறது. 1.1 கிலோவுக்குத் தாங்கும் பாத்தி 14 சதுர மீட்டர், ஒரு குழிக்குக் கொஞ்சம் மேல். நாலு குழிக்குப் பாத்தி போட்டுவிட்டு முக்கால் பங்கு நாள் கீரை நோஞ்சானாக நிற்பது இதனால்தான். பாத்தியைச் சராசரிக்குப் போடுங்கள், வடிகட்டியையும் காற்றையும் உச்சத்துக்குப் போடுங்கள்.

வடிகட்டிக்கு ஏன் உச்சம் என்றால், 32% புரதத் தீவனம் ஒரு கிலோ போட்டால் சுமார் 30 கிராம் அம்மோனியா கிளம்பும், விராலுக்குப் போடும் 42% தீவனத்தில் 39 கிராம் வரை போகும். விரால் வளர்ப்பவர் ஜிலேபி வளர்ப்பவரைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிய வடிகட்டி வைத்தாக வேண்டும்.

என்ன செடி போடலாம்? லெட்டூஸ் போடச் சொல்றாங்க.

லெட்டூஸ் பெங்களூருக்கும் ஊட்டிக்கும் நல்லது. தஞ்சாவூர் சித்திரை வெயிலில் பூத்துக் கசந்துபோகும், வாங்கவும் ஆள் தேட வேண்டும். வள்ளைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, புதினா, தண்டுக்கீரை, பசலை, கொத்தமல்லி இவற்றோடு ஆரம்பியுங்கள். வள்ளைக்கீரை நம் வாய்க்காலில் தானாகவே மிதந்து வளரும் ஜாதி, தண்ணீர்ப் பாத்தியில் அதற்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கும். வல்லாரைக்கும் புதினாவுக்கும் விலை நிலையாக இருக்கும்.

வெண்டை, மிளகாய், தக்காளி மாதிரி காய்க்கும் செடிகளுக்கு ஜல்லிக்கல் நிரப்பிய சல்லிப் பாத்தி வேண்டும், சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) அதிகம் கேட்கும். ஒரு வருடம் கீரையில் பழகிய பிறகு போங்கள். எதைப் போட்டாலும் பங்குனி முதல் ஆனி வரை 50% நிழல்வலை இல்லாமல் முடியாது.

சல்லிக்கு எந்தக் கல்?

20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி. டெல்டாவில் கல்லே கிடையாது, புதுக்கோட்டை, திருச்சி பக்கமிருந்துதான் வரும், லாரி வாடகையையும் செலவில் சேருங்கள். இறக்கும் முன் நாலு கல்லை எடுத்து அதன்மேல் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். அது தண்ணீரின் பி.எச். (அமில-கார) அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

தொட்டி கட்டி முடிச்சாச்சு, தண்ணியும் விட்டாச்சு. நாளைக்கு மீன் விடலாமா?

கூடாது. புது சிமெண்டுத் தொட்டி என்றால் முதலில் காரம் இறங்க வேண்டும். நம் ஊரில் வழக்கமாகச் செய்வது போல் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி நிரப்புங்கள். பி.எச். 8-க்குக் கீழே வந்து, மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே நின்றால் சரி. தார்ப்பாய்த் தொட்டிக்கு இந்த வேலை இல்லை.

அடுத்தது பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம். மோட்டாரையும் காற்றையும் ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுக வைத்தாலே அம்மோனியா உண்டாகும். ஏற்கெனவே ஓடும் வடிகட்டியிலிருந்து இரண்டு வாளி கல் கிடைத்தால் பாதி நாளில் முடியும். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் தெரியும். அன்றைக்கு மீன் விடுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக இரண்டு நாள் திறந்த தொட்டியில் காற்றோட்டத்தில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குடியேறிய பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும்.

மீன் செத்து மிதக்குது, தண்ணி தெளிவாத்தான் இருக்கு. என்ன ஆச்சு?

தெளிவான தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் தீவனத்தை நிறுத்துங்கள். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் அளந்து பாருங்கள். ஒரே அளவு அம்மோனியா இருந்தாலும் 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அதில் நூற்றுக்கு ஒன்றுகூட விஷ வடிவில் இருக்காது, 8 என்றால் ஏழெட்டு பங்கு, 9 என்றால் கிட்டத்தட்ட பாதி. அதனால்தான் பி.எச். அளவை 6.8-க்கும் 7.2-க்கும் நடுவில் வைக்கச் சொல்கிறோம். மீனுக்கும் செடிக்கும் பாக்டீரியாவுக்கும் மூவருக்குமே பொருந்தும் இடம் அதுதான்.

செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்புக்குப் பதில் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, ஆயிரம் லிட்டருக்கு அரை கிலோ கல்லுப்பைக் கரைத்து விடுங்கள், அயோடின் கலக்காத உப்பு. அந்த அளவைக் கீரை தாங்கும், அதற்கு மேல் போடாதீர்கள். விரால் காற்றைக் குடிக்கிறதே, அதற்கு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். காற்றுக் குறைவைத்தான் அது தாங்கும், விஷத்தை அல்ல.

எங்க போர் தண்ணி உப்பு. வேதாரண்யம் பக்கம். பண்ண முடியாதா?

உப்புத்தன்மை லேசாக என்றால் மீனுக்குப் பெரிய தொந்தரவில்லை, செடிக்குத்தான் பிரச்சினை. அதிலும் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும், ஆறு மாதம் கழித்துத்தான் கீரையின் நுனி கருகும். மழைநீரைச் சேமித்துக் கலந்து விட முடிந்தால் செய்யுங்கள். ஓட்டுக் கொட்டகையிலும் ஷெட்டிலும் விழும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்தாலே நிறைய வரும். முடியாவிட்டால் மீன் மட்டும் வளருங்கள், பிடிவாதம் வேண்டாம்.

கரண்ட் போனா என்ன பண்றது?

இது டெல்டாவின் தலையாய கேள்வி. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு நம் கிராமங்களில் பல வாரம் மின்சாரம் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இங்கே எதையும் கட்ட வேண்டும்.

கட்லாவோ ஜிலேபியோ நெருக்கி விட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். விராலும் பனையேறியும் தேளியும் தாங்கும். ஆனால் வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் செடியின் வேருக்கும் பிராணவாயு வேண்டுமே. சில மணி நேரம் கடந்தால் வடிகட்டி அழுகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீரை மோட்டார் நேராக மீனிடம் கொண்டுபோய்க் கொட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் வடிகட்டித் தண்ணீரை முதலில் தென்னைக்கு வடித்துவிட்டு அப்புறம் மோட்டாரைப் போடுங்கள்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி ஒன்றில் பாதி சக்தியை மட்டும் எடுத்தால் 100 வாட் காற்று பம்பு எட்டு, ஒன்பது மணி நேரம் ஓடும். நேர்மின்சாரத்தில் ஓடும் 30 வாட் சின்ன பம்பு என்றால் ஒரு நாளைக்கு மேலேயே தாக்குப்பிடிக்கும். கரண்ட் இல்லாத நேரம் முழுக்கத் தீவனம் போடக் கூடாது. தீவனம் இல்லாமல் விரால் பல நாள் இருக்கும். மின் இணைப்பு விஷயத்தில், வயல் மோட்டாருக்கான இலவச மின்சாரத்தில் இதை ஓட்ட நினைக்காதீர்கள், மீன் வளர்ப்புக்குரிய கட்டணப் பிரிவில் இணைப்பு வாங்குங்கள்.

குளத்துக்குப் போடுற மாதிரி சாணி, புண்ணாக்கு போடலாமா?

மண் குளத்தில் சாணம் பாசியை வளர்க்கும், அதை மீன் தின்னும், அது ஒரு முறை. இங்கே சாணம் அடியில் தங்கி பிராணவாயுவைத் தின்றுவிடும். பச்சையாகச் சாப்பிடும் புதினா, மல்லியில் வயிற்றுப்போக்குக் கிருமி ஏறுவதும் சாணத்தாலும் கோழி எச்சத்தாலும்தான். ஆகவே சாணமும் வேண்டாம், கோழி எருவும் வேண்டாம். வண்டல் தொட்டியில் சேரும் மீன் கழிவை வாரம் இரண்டு முறை திறந்து வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள்.

கீரையில அசுவினி. வேப்பெண்ணெய் இயற்கைதானே, அடிக்கலாமா?

இயற்கைதான், ஆனால் சோப்புக் கரைசலோடு தண்ணீரில் விழுந்தால் மீனுக்கு ஆகாது. செடிக்கு அடிப்பது எதுவானாலும் மீன் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமிரம் கலந்த பூஞ்சாண மருந்தைக் கையிலேயே எடுக்கக் கூடாது. மஞ்சள் ஒட்டுப்பொறி, பூச்சிவலை, அசுவினி கண்ட தட்டை அப்படியே தூக்கி வெளியே வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது, தாங்காவிட்டால் அந்தத் தட்டையே வெட்டி மாட்டுக்குப் போடுவது. கீரை முப்பது நாள் பயிர், ஒரு தட்டு போனால் போகட்டும்.

மீன் நல்லா இருக்கு, நைட்ரேட்டும் இருக்கு, ஆனா செடி மஞ்சளா போகுது?

எந்த இலை என்று பாருங்கள். குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குத் தேவையான இரும்பும் சாம்பல் சத்தும் போதுமான அளவு இருப்பதில்லை. தண்ணீரில் கரைந்தே நிற்கும் டி.டி.பி.ஏ. (DTPA) வகை இரும்பு வாங்கி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு மாதம் ஒருமுறை கொடுங்கள். துருப்பிடித்த ஆணியைப் போட்டுப் பலனில்லை. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு.

நாளாக ஆகப் பாக்டீரியா வேலையால் பி.எச். தானாக இறங்கும். 6.5-க்குக் கீழே போனால் அதைத் தூக்க, நீர்த்த சுண்ணாம்பை ஒரு வாரமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை மறுவாரமும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாகக் கரைத்து விட்டால் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் அதிலேயே கிடைத்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலைச் சுட்டுவிடும். போர் தண்ணீர் கடினமாக உள்ள இடத்தில் இந்த வேலையே பெரும்பாலும் வராது, அங்கே பி.எச். இறங்க மறுப்பதுதான் தலைவலி. மழைநீர் கலப்பது அதற்கும் மருந்து.

கார்த்திகை மாசம் விராலுக்கு உடம்பெல்லாம் புண்ணு. மருந்து என்ன?

அது கொள்ளைப் புண்நோய், பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வருவது. பெருமழைக்குப் பிறகு தண்ணீர் குளிரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதற்குக் காலம், விராலும் குறவையும்தான் முதலில் மாட்டும். குளமென்றால் சுண்ணாம்பு போடலாம், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிலையம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தும் இருக்கிறது. அக்வாபோனிக்ஸ் சுற்றுக்குள் மருந்தோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ ஊற்றினால் வடிகட்டியும் சேர்ந்து சாகும், செடியும் விற்பனைக்கு ஆகாது.

அதனால் கட்டும்போதே ஒவ்வொரு மீன் தொட்டியையும் சுற்றிலிருந்து துண்டிக்க ஒரு வால்வும், ஓரத்தில் ஒரு வைத்தியத் தொட்டியும் வையுங்கள். புண் கண்ட மீனை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் வெள்ளத் தண்ணீர் தொட்டிக்குள் ஏறாதபடி விளிம்பு உயரமாக இருக்கட்டும், வயல் மீன் எதையும் உள்ளே விடாதீர்கள்.

லாபம் வருமா? உண்மையைச் சொல்லுங்க.

மேலே சொன்ன 10,000 லிட்டர் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். விலைகள் என் அனுமானம், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 300 கிலோ விரால் தீவனம் கிலோ 110 ரூபாய் என்றால் 33,000. குஞ்சு 5,000. மோட்டாரும் காற்று ஊதும் பிளோயரும் சேர்த்து அரை எச்.பி. என்றால் தினம் 9 யூனிட், ஒன்பது மாதத்துக்கு 2,430 யூனிட், யூனிட் 6 ரூபாய் என்றால் 14,500-க்குச் சற்று மேல். ஆக 52,500. வியாபாரியிடம் கிலோ 350-க்கு 200 கிலோ கொடுத்தால் 70,000. மிச்சம் 17,500. ஒரு குழிக்குக் கொஞ்சம் மேலான கீரையில் ஒரு ஏழாயிரம் சேரலாம். இதில் உங்கள் உழைப்புக்கும், தொட்டி கட்டிய பணத்துக்கும், செத்த மீனுக்கும் இன்னும் கணக்குப் போடவில்லை.

ஆக ஒற்றைத் தொட்டியில் குடும்பம் நடத்த முடியாது. அதே 200 கிலோவை உயிரோடு வீட்டு வாசலில் கிலோ 450-க்கு விற்றால் 20,000 கூடுகிறது, மிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. உயிர் விராலைத் தேடி வந்து வாங்க நம் ஊரில் ஆள் உண்டு, பிள்ளை பெற்றவளுக்கு, ஆபரேஷன் ஆனவருக்கு என்று கேட்டு வருவார்கள். கட்டுவதற்கு முன் யாரிடம் விற்பேன் என்று இருபது வீட்டின் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் வராவிட்டால் கட்டாதீர்கள்.

மீன்ல சேத்து வாடை வருதுன்னு வாங்கினவங்க சொல்றாங்களே?

விற்பதற்கு முன் நாலைந்து நாள் தனித் தொட்டியில் சுத்தத் தண்ணீரில் தீவனமில்லாமல் விடுங்கள். வாடை போய்விடும். கொஞ்சம் எடை குறையும், வாங்கியவர் திரும்பி வருவார்.

மானியம் உண்டா? எங்க கேக்கணும்?

பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் 2020-ல் வந்தது. தண்ணீர் சுழற்சி முறை, பயோபிளாக் போன்றவற்றுக்கு, அரசு நிர்ணயித்த அலகுச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60% என்று வைத்திருந்தார்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போது என்ன நடப்பில் இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். பயிற்சிக்கு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகமும், சிக்கல், நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன. மானியம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம். மானியம் இல்லாமலே கணக்கு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு கம்பெனி தொட்டி, குஞ்சு எல்லாம் குடுத்து, மீனை அவங்களே திருப்பி வாங்கிக்கிறாங்களாம். சேரலாமா?

மூன்று கேள்வி கேளுங்கள். திருப்பி வாங்கும் விலை எழுத்தில் உண்டா, எந்த எடைக்கு? ஏற்கெனவே இரண்டு முறை அறுவடை முடித்து அவர்களிடம் விற்ற ஒருவரின் வீட்டுக்கு நான் தனியாகப் போய்ப் பார்க்கலாமா? தினசரித் தீவனத்துக்கு எவ்வளவு பாத்தி என்று எந்தக் கணக்கில் போட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு மேலே உள்ள மாதிரி கிராம் கணக்கு வராமல் “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்று வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு தொட்டி ஓடுது. பெருசு பண்ணணும், கீரையும் வருஷம் பூரா ஒரே அளவு வரணும். எப்படி?

இதற்கு விடை தீவனக் கணக்குப் பதிலிலேயே பாதி இருக்கிறது. பெரிய ஒற்றைத் தொட்டி கட்டாதீர்கள், ஒரே வடிகட்டியில் சேரும் நாலு தொட்டிகளாகக் கட்டுங்கள். ஒன்பது மாத விராலுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மாதத்துக்கு ஒரு தொட்டி என்று இடைவெளி விட்டுக் குஞ்சு விட்டால், ஒன்றில் அறுவடை, ஒன்றில் முக்கால் வளர்ச்சி, ஒன்றில் பாதி, ஒன்றில் குஞ்சு என்று சுற்றும். மொத்தத் தீவனம் எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், பாத்தியையும் அந்த அளவுக்கே போடலாம். சலித்துப் பிரித்த குஞ்சுகளை மாற்றிவிடவும் இடம் இருக்கும், ஒரு தொட்டியில் நோய் வந்தால் வால்வை மூடி மற்ற மூன்றைக் காப்பாற்றலாம்.

50 சதுர மீட்டர் கீரை வருடம் முழுக்க ஓட தினம் 4 கிலோ தீவனம், வருடத்துக்கு 1,460 கிலோ, அதாவது 970 கிலோ மீன் விற்றாக வேண்டும். அவ்வளவு உயிர் மீனை உங்கள் வட்டாரம் வாங்குமா என்பதைப் பார்த்துவிட்டு இரண்டாவது தொட்டிக்கு அஸ்திவாரம் தோண்டுங்கள். முதல் அறுவடையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்கிற மாதிரி குஞ்சு விடும் மாதத்தைப் பின்னோக்கி எண்ணினால் மார்கழிக் கடைசி, தைத் தொடக்கம் வரும். அப்போது குளிரும் புண்நோய்க் காலமும் முழுக்க முடிந்திருக்காது, கவனமாக இருங்கள்.